மாற்றுகிறேன் என்று நடத்திய சிகிச்சையை விடுவது எப்படி: விட்ட ஒருத்தி எழுதுவது

பதினான்கு வருடம் இந்த வேலையைச் செய்தேன். 1998 முதல் 2012 வரை திருச்சியில் ஒரு சின்ன கவுன்சலிங் மையம் வைத்திருந்தேன். தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்து வருவார்கள். "சரி பண்ணிடலாம், கவலைப்படாதீங்க" என்று சொல்லி உட்கார வைப்பேன். என்னிடம் ஆறு பேர் பயிற்சி எடுத்துக்கொண்டு வேறு ஊர்களில் இதையே செய்யப் போனார்கள். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் இந்த மாதிரிச் சிகிச்சைக்கு வழங்கும் கன்வெர்ஷன் தெரபி என்ற பெயரை நான் பயன்படுத்தியதில்லை. என் மையத்தில் அதற்கு 'திசை திருத்தும் பயிற்சி' என்று பெயர்.

இப்போது மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார். பெரும்பாலும் கவுன்சலர்கள், ஒரு முறை ஒரு போதகர், ஒரு முறை ஒரு சித்த வைத்தியர். "மேடம், நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். விட்டுவிட நினைக்கிறேன். எப்படி விடுவது?" என்று கேட்கிறார்கள். சத்தம் போடாமல் போர்டைக் கழற்றிவிட்டால் போதும் என்பது பலருடைய எண்ணம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். மையத்தை மூடிவிட்டு, உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த ஒரு வருடத்தில், என்னிடம் வந்துபோன பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? 'மேடமே கைவிட்டுட்டாங்க, நம்ம கேஸ் அவ்வளவு மோசம்' என்று. ஒரு பையன் பிற்பாடு இதை என்னிடமே சொன்னான். அதனால்தான் எழுதுகிறேன். விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது.

யாராவது மாறினார்களா என்று முதலில் பாருங்கள்

விட வேண்டும் என்று அரைமனதாக இருப்பவர்கள் எல்லோரும் ஒரு வாக்கியத்தில் வந்து நிற்பார்கள்: "ஆனா ஒரு சிலருக்குப் பலன் கிடைச்சுதே." எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். நான் நடத்திய கூட்டங்களில் மேடையேறிச் சாட்சி சொன்னவர். கல்யாணம் ஆனவர், ஒரு குழந்தைக்குத் தகப்பன். பெற்றோர் தயங்கினால் அவருக்குப் போன் போட்டுப் பேச வைப்பேன். 2012இல் ஒரு மதியம் தனியாக வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "நான் மாறவே இல்லை மேடம். ஒரு நாள்கூட மாறலை. நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க, இல்லைன்னு சொல்ல மனசு வரலை" என்றார். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மன்னிப்பும் கேட்டார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்!

அன்று இரவே பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, 'முன்னேற்றம்' என்று நான் எழுதியிருந்த ஒவ்வொரு பக்கத்தையும் படித்தேன். எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒன்றுதான்: அவர்களே என்னிடம் சொன்னது. 'இப்போது அந்த எண்ணம் குறைந்திருக்கிறது என்கிறார்.' வெளியே அப்பா காத்திருக்கிறார், உள்ளே நான் பேனாவோடு காத்திருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை வேறு என்ன சொல்லும்?

இதே குழியில் என்னைவிட எத்தனையோ மடங்கு பெரியவர் ஒருவரும் விழுந்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர், 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தபோது அதில் முக்கியப் பங்கு வகித்தவர். அவரே 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாறிவிட்டோம் என்று சொன்ன 200 பேரிடம் தொலைபேசியில் பேட்டி எடுத்து, சிலரால் மாற முடிகிறது என்று எழுதினார். எங்களைப் போன்றவர்கள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரிந்தோம். நானே அதன் நகலைச் சட்டகம் போட்டு மாட்டியிருந்தேன். 2012இல் அவர், அந்த 200 பேர் சொன்னது உண்மைதானா என்று அறிய வழியே இருக்கவில்லை, தன் முடிவு தவறு, மன்னிக்க வேண்டும் என்று அதே ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய எண்பது வயது.

நீங்களும் உங்கள் பதிவேட்டை எடுங்கள். 'மாறினார்' என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம், அது யார் வாயிலிருந்து வந்தது, அப்போது அறையில் யார் இருந்தார்கள், உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரே ராத்திரியில் முடிந்துவிடும்.

'தானாக விரும்பி வருபவர்களுக்கு மட்டும்' என்று ஒரு கதவைத் திறந்து வைக்காதீர்கள்

இது படித்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் அந்தப் பட்டியலின் பத்தாம் பதிப்பான ஐசிடி-10இலேயே 'ஈகோ டிஸ்டோனிக்' என்று ஒரு வகை தங்கிவிட்டது. தன் ஈர்ப்பைப் பற்றித் தானே வருந்தி அதை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர் என்று பொருள். நாங்கள் அந்தச் சந்தில் புகுந்துகொண்டோம். வந்தவர் எல்லோருக்கும் அந்த முத்திரைதான். அழுதால் ஈகோ டிஸ்டோனிக். 'மாறணும் மேடம்' என்றால் ஈகோ டிஸ்டோனிக். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் அந்த வகையும் இல்லை.

தானாக வருகிறேன் என்று சொல்பவர், வீட்டை இழந்துவிடுவோமோ, அம்மா செத்துப்போய்விடுவாளோ, கோயிலில் தனக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்ற பயத்தோடு வருகிறார். சிகிச்சை வேண்டியது அந்தப் பயத்துக்கு. பயத்தை விட்டுவிட்டு ஈர்ப்பில் கை வைத்ததுதான் நான் செய்த தவறு. என்னிடம் வந்தவர்களின் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டி, எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிக்கொள்ளச் சொன்னேன். நடையை மாற்றச் சொன்னேன், குரலைத் தாழ்த்தச் சொன்னேன், நெருங்கிய நண்பர்களை விடச் சொன்னேன். அப்பா விலகி இருந்ததாலும் அம்மா செல்லம் கொடுத்ததாலும் வந்த வினை என்று பெற்றோரிடமும் சொன்னேன். எத்தனை வீடுகளில் அந்த ஒரு வார்த்தையால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு கிடந்தார்கள்!

இப்போது வந்துகொண்டிருப்பவர்களிடம் சொல்வது

புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள். 'இந்த பேட்ச் முடியட்டும்' என்பது வேண்டாம். இப்போது வருபவர்களிடம் தனித்தனியாக, நேரில், பெற்றோர் அறையில் இல்லாதபோது சொல்லுங்கள். நான் சொல்லச் சொல்லித்தருவது இதுதான்: "நான் இதுவரை செய்தது தவறு. நீ மாறாமல் இருப்பது உன் தோல்வி கிடையாது. மாற்றுவதற்கு உன்னிடம் எதுவும் கெட்டுப்போகவில்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்." இவ்வளவுதான். நீளமாக விளக்க ஆரம்பித்தால், அந்தப் பிள்ளை உங்களைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடும்.

சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். சிலருக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கும். சிலருக்குக் காலடியில் தரை போய்விடும். இதை நம்பி மூன்று வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆமாம் என்றால் அன்றைக்கே கூட ஒரு ஆள் இருக்கும்படி பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது மனநல மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதைத் தானாக நிறுத்தச் சொல்லாதீர்கள். சில மருந்துகளை டக்கென்று நிறுத்தினால் ஆபத்து. வேறொரு மனநல மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி குறைக்கட்டும்.

அப்புறம் ஒன்று: அவர்களை நீங்களே தொடர்ந்து பார்க்காதீர்கள். 'இனி நல்லவிதமாகக் கவுன்சலிங் கொடுக்கிறேன்' என்ற ஆசை வரும், எனக்கும் வந்தது. கை உடைத்தவனே கட்டுப் போட வந்தால், அந்தக் கை நடுங்காதா? பால்புதுமையரை (தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் போன்றவர்களை) மதித்துப் பழகப் பயிற்சி பெற்ற கவுன்சலர்கள் இன்று இருக்கிறார்கள். சென்னையில் ஓரினம் போன்ற குழுக்கள் தமிழிலேயே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் துணையாக இருக்கின்றன. வழி காட்டிவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள்.

நோட்டுகளை எரிக்காதீர்கள்

முதல் வேகத்தில் நான் எல்லாவற்றையும் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டேன், மண்ணெண்ணெய் பாட்டிலோடு. என் கூடப் பிறந்த அக்காதான் தடுத்தாள். "அது உன் நோட்டாடி? அவங்க வாழ்க்கை அதுல இருக்கு. எரிக்கிறதா வேண்டாமான்னு அவங்களைக் கேட்டியா?" என்றாள். அக்கா எட்டாவது வரை படித்தவள். பதினான்கு வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியது.

அந்தப் பதிவுகள் அவர்களுடையவை. நாளைக்கு ஒருவர் உங்கள் மேல் புகார் கொடுக்க விரும்பினால் அவருக்கு இருக்கும் ஒரே சான்றாகவும் அதுவே இருக்கலாம். ஒவ்வொருவருடைய தாளையும் தனித்தனி உறையில் போட்டு ஒட்டிப் பூட்டி வைத்துவிட்டு, தொடர்பு கிடைக்கும்போது கேளுங்கள்: எடுத்துக்கொள்கிறீர்களா, நான் கிழித்துவிடவா, இப்படியே இருக்கட்டுமா? சிலர் வாங்கிப் போனார்கள். ஒரு பெண் என் முன்னாலேயே ஒவ்வொரு தாளாகக் கிழித்தாள், நாற்பது நிமிடம் ஆனது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மன்னிப்புக் கடிதம்

இதற்குத்தான் அதிகம் பேர் போன் செய்கிறார்கள், இதில்தான் அதிகம் தவறும் நடக்கிறது.

வீட்டு எண்ணுக்குக் கூப்பிடவே கூடாது. போனை மனைவியோ மாமனாரோ எடுக்கலாம். அவர் உங்களிடம் வந்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதுவதும் வேண்டாம். மேலே வந்து நிற்கும் முதல் வரியை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். நான் இப்படி அனுப்பினேன்: "வணக்கம். நான் திருச்சி மையத்தில் இருந்தவள். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேட்க விருப்பம் இருந்தால் மட்டும், உங்களுக்கு வசதியான வழியைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்." இது யார் கண்ணில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பதில் வராவிட்டால் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும். இரண்டாவது முறை அனுப்பக் கை துடிக்கும். அனுப்பாதீர்கள்.

என் முதல் கடிதம் நான்கு பக்கம் இருந்தது. அதை அனுப்புவதற்கு முன், என்னிடம் முன்பு வந்துபோன ஒருவரிடம், அவர் சம்மதத்தோடு காட்டினேன். பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்றரைப் பக்கம் என்னைப் பற்றி இருந்தது. நான் எப்படி வருந்தினேன், எப்படித் தூக்கம் வரவில்லை, எந்த நல்ல எண்ணத்தில் செய்தேன். "இதைப் படிக்கிறவங்க உங்களுக்காக அழணுமா மேடம்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கடிதம் அரைப் பக்கமாயிற்று. ஏறக்குறைய இதுதான் வாசகம்:

"2004இல் ஏழு மாதம் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். உங்கள் ஈர்ப்பு ஒரு கோளாறு என்று சொன்னேன். அது பொய். உங்கள் கையில் ரப்பர் பேண்ட் மாட்டி உங்களை நீங்களே வலிக்கச் செய்துகொள்ளச் சொன்னேன். நீங்கள் தனியாக என்னிடம் சொன்னதை உங்கள் அப்பாவிடம் சொன்னேன். அதனால் உங்கள் படிப்பு நின்றது. இவை எல்லாம் நான் செய்தவை. நீங்கள் என் மேல் புகார் கொடுக்க நினைத்தால் நடந்ததை நடந்தபடி சொல்வேன். நீங்கள் கொடுத்த கட்டணத்தைத் திருப்பித் தர விரும்புகிறேன். வாங்குவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை."

'மன்னித்துவிடுங்கள்' என்பது இதில் இல்லை, கவனித்திருப்பீர்கள். மன்னிப்பு கேட்டால் அவர் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். மன்னிக்காவிட்டால் கெட்டவர் ஆகிவிடுவோமோ என்று அவரே தவிப்பார். செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டால் போதும். 'உங்கள் மனம் புண்பட்டிருந்தால்' என்ற 'இருந்தால்' வேண்டாம். 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்பதும் வேண்டாம். நான் மையம் தொடங்கியபோதே உலக சுகாதார நிறுவனம் சொல்லி எட்டு வருடம் ஆகியிருந்தது.

ஆளுக்கு ஏற்ப எழுதுங்கள். ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால், அது பத்திரிகைச் செய்திபோல ஆகிவிடும். எனக்கு ஒரு கடிதத்துக்கு ஒரு வாரம் பிடித்தது.

எங்கே சொன்னீர்களோ அங்கே போய் மறுத்துச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்று ஓர் அமைப்பு இருந்தது, 1976இல் தொடங்கியது, இந்த வேலையைச் செய்த கிறிஸ்தவக் குழுக்களுக்கெல்லாம் அதுதான் தாய் அமைப்பு. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் 2012 ஜனவரியிலேயே, தான் சந்தித்தவர்களில் 99.9 விழுக்காட்டினருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அமைப்பையே மூடினார். தொலைக்காட்சியில், பாதிக்கப்பட்டவர்கள் எதிரே உட்கார்ந்து கோபத்தைக் கொட்டியதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதே அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் பஸ்ஸி 1979லேயே விலகிவிட்டார். ஆனால் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2007இல். நடுவில் இருபத்தெட்டு வருடம். அந்த இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை பேர் அந்தப் படியேறியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஒரு வருடம் சும்மா இருந்த எனக்கு அவரைக் குறை சொல்ல வாயில்லை. தள்ளிப் போடாதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

மேடையில் சொல்லியிருந்தால் அதே மேடையில், துண்டறிக்கையில் எழுதியிருந்தால் இன்னொரு துண்டறிக்கையில், பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்திருந்தால் அதே ஆசிரியர்களைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். நான் பயிற்சி கொடுத்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். மூன்று பேர் நிறுத்தினார்கள். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. மற்ற இருவர் பணம் வருகிறதே என்றார்கள். அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தேன், நான் கற்றுக்கொடுத்தது தவறு, என் பெயரைச் சொல்லி நடத்தக் கூடாது என்று. சாட்சி சொன்னவர்களின் ஒலிநாடா, சிடி எதுவானாலும் திரும்ப வாங்குங்கள். அவர்கள் பெயரையோ கதையையோ உங்கள் மறுப்பில் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை பயன்படுத்தியது போதும்.

பேசும்போது சொற்களில் கவனம் வேண்டும். உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் ஒரு சொல் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர், திருநர், திருநங்கை, திருநம்பி, ஊடுபால் என்று மரியாதையான சொற்கள் நம் மொழியிலேயே இருக்கின்றன. 'பழக்கம்', 'குறை', 'பாதிப்பு' என்று பேசிப் பழகிய நாக்கு அது. மாற்ற எனக்கு ஆறு மாதம் ஆனது.

கால்கட்டு

'ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்' என்று பெற்றோர் கேட்கும்போது, "ஆமாம், இப்போ போடலாம்" என்று தலையாட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்து நான்கு கல்யாணம் அப்படி நடந்தது. என்னிடம் வந்தவர்களைப் பற்றித்தான் வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். மணமேடையில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அவர்களில் ஒருத்தி 2015இல் என்னைத் தேடி வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க அத்தைக்கும் மாமாவுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் யாருமே சொல்லலை. எட்டு வருஷம் எங்கிட்டதான் ஏதோ குறைன்னு நினைச்சுட்டிருந்தேன்மா" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இப்படி ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் காரணமாக இருந்தால், முதலில் உங்களிடம் வந்தவரிடம்தான் பேச வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் மனைவியிடம் (அல்லது கணவனிடம்) போய் உடைக்காதீர்கள். என்னதான் உண்மையானாலும் அது அவருடைய வாழ்க்கை, அவருடைய பாதுகாப்பு. 'உங்கள் மனைவிக்கும் தெரிய வேண்டியது நியாயம். சொல்கிற நாளில், நான்தான் இப்படிச் செய்யச் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வேண்டுமென்றால் நானே வந்து என் பங்கைச் சொல்கிறேன்' என்று சொல்லலாம். மனைவியே விஷயம் தெரிந்து உங்களைத் தேடி வந்தால், உங்கள் பங்கை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களிடம் வந்தவர் அறையில் பேசியது எதையும் சொல்லாதீர்கள். இருவருக்கும் தனித்தனிக் கவுன்சலர் தேவை. அந்தப் பெண்ணுக்குச் சட்ட உதவி வேண்டுமென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகக் கிடைக்கும். அவளை அந்த அலுவலகம் வரை நான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் இருந்து, "நீங்க இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். சரி என்று நின்றேன்.

பெற்றோர் இன்னமும் வருவார்கள்

போர்டைக் கழற்றி எத்தனை வருடம் ஆனாலும் பழைய பெயர் சொல்லி யாராவது வருவார்கள். அவர்களை விரட்டினால் நேராக வேறொருவரிடம் போய் நிற்பார்கள். அந்த இடத்தில் ஷாக்கும் ஊசியும் இருக்கலாம். அதனால் உட்கார வையுங்கள்.

"மேடம், எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, பையனை மாத்திக் கொடுங்க" என்பார்கள்.

"ஐயா, நான் பதினாலு வருஷம் செஞ்சு பார்த்தவ. ஒருத்தரும் மாறலை. சில பிள்ளைங்க உயிரை விடற வரைக்கும் போயிட்டாங்க. இது நோய் இல்லை. நோய்னு சொல்லி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீங்க."

இதைத் தொண்டு நிறுவனம் சொல்வதைவிட, செய்துவிட்டு விட்டவர் சொன்னால் கேட்கிறார்கள். நம்மால் ஏதாவது பயன் உண்டென்றால் அது இந்த ஓர் இடத்தில்தான்.

சட்டத்தையும் சொல்லுங்கள், மிரட்டலாக இல்லாமல், தகவலாக. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் தங்களுக்குள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, ஊரின் ஒழுக்க, பண்பாட்டு, மத எதிர்பார்ப்புக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவத்தால் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்ற முயல்வதைத் தடை செய்தது. அப்படிச் செய்பவரின் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. மருத்துவர் செய்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

அந்த 2021 உத்தரவுகளைப் படிக்காதவர்கள் படியுங்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் முன் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நான் உளவியல் படித்தவள். எனக்கு முன்னால் பதினான்கு வருடம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவரிடமும் 'எனக்குத் தெரியாது, நீ சொல்' என்று கேட்டதில்லை. அந்தப் பக்கங்களைப் படித்த அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

பணம், புகழ்

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பிக் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாக. வாங்கிக்கொண்டால் புகார் கொடுக்க மாட்டார்கள் என்ற நினைப்பு மனதின் ஓரத்தில்கூட இருக்கக் கூடாது. எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காதீர்கள். வாங்க மறுத்தவர்களின் தொகையை, அவர்கள் சொன்ன இடத்துக்குக் கொடுத்தேன்.

இதைவிடக் கஷ்டமானது, மனம் மாறியவர் என்று வரும் மாலை. பேட்டி கேட்பார்கள், கூட்டத்துக்கு அழைப்பார்கள். அவர்களுடைய வலியை வைத்து முதலில் ஒரு பெயர் வாங்கினோம், இப்போது அதே வலியை வைத்து இன்னொரு பெயர் வாங்குவதா? நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: இந்தச் சிகிச்சையை இன்னும் செய்பவர்கள், நம்புகிற பெற்றோர், ஆசிரியர்கள், மருத்துவ மாணவர்கள் இருக்கும் இடத்துக்கு மட்டும் போவேன். பால்புதுமையர் நடத்தும் கூட்டங்களுக்கு அவர்கள் அழைத்தாலும், அங்கே என்னிடம் வந்துபோனவர் யாராவது இருப்பார்களா, என்னைப் பார்த்தால் அவர்களுக்கு உடல் நடுங்குமா என்று அமைப்பாளரைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னார்கள். போகவில்லை.

கடைசியாக ஒன்று. போன் எண்ணை மாற்றாதீர்கள். மையத்தின் பழைய எண்ணையே இன்றும் வைத்திருக்கிறேன், மாதாமாதம் ரீசார்ஜ் செய்து. பதில் வராத கடிதங்களுக்கு ஏழு, எட்டு வருடம் கழித்துக்கூட அழைப்பு வந்திருக்கிறது. ஒருவர் இரவு பதினொன்றரைக்குக் கூப்பிட்டு, அரை மணி நேரம் என்னைத் திட்டிவிட்டு வைத்தார். குறுக்கே பேசாமல் கேட்டேன். மறுவாரம் அதே நேரத்துக்கு மறுபடி கூப்பிட்டார். உங்களுக்கு அப்படி வந்தால், அவர்கள் வைக்கும் வரை நீங்கள் வைக்காதீர்கள்.